மல் தீவில் ஒரு வாரம்: இந்தத் திட்டம் நடக்குமா?

மான்செஸ்டர்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் ஒரு வாரம் ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதுப் பெண், 5 வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. முட்டி வலி உண்டு. சைவம், முட்டையும் தொடமாட்டார். கப்பலில் ஏறியதே இல்லை. பிச்சாவரத்தில் படகில் ஏறச் சொன்னதற்கே கரையில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றவர்.

மனைவிக்கு மல் தீவின் மேல்தான் கண். அங்கே டோபர்மோரி என்ற ஊரின் கலர் கலரான வீடுகளை போட்டோவில் பார்த்துவிட்டாள். ஆபீஸில் எல்லோரும் ஸ்கை தீவுக்குப் போ என்கிறார்கள். மல் என்றே வைத்துக்கொண்டு நான் போட்ட திட்டம் இது: வீடு டோபர்மோரியில். சனிக்கிழமை மான்செஸ்டரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியக் கப்பலைப் பிடிப்பது. ஞாயிறு டோபர்மோரி. திங்கள் பக்கத்திலுள்ள அயோனா தீவு. செவ்வாய் ஸ்டாஃபா தீவு, அங்கே பையனுக்கு பஃபின் பறவை காட்ட வேண்டும். புதன் கழுகு. வியாழன் கால்கரி கடற்கரை. வெள்ளி டுவார்ட் கோட்டை. சனி திரும்பல்.

தீவு சின்னதுதானே, எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரியா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மிட்ஜ் பூச்சி என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு மோசமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்வர்னஸ் வாசி:

கப்பல் பயம் என்றால் ஸ்கைதான். 1995லிருந்து பாலம் இருக்கிறது, 2004 கடைசியில் சுங்கமும் எடுத்துவிட்டார்கள். காரை ஓட்டிக்கொண்டே தீவுக்குள் போய்விடலாம். ஆனால் ஆகஸ்டில் ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறை, ஃபேரி பூல்ஸ் என்ற நீர்ச்சுனைகள் இரண்டிலும் காலை ஒன்பதுக்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை. அம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நான் போகமாட்டேன். ஸ்கைக்கு மே மாதம் போங்கள்.

பெய்ஸ்லி அக்கா:

தம்பி, மல் தீவுக்குப் போங்கள். ஆனால் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் வருடம் இதே திட்டத்தை நாங்களும் போட்டோம், உங்களுடையதில் இல்லாத ஒரு மலையும் சேர்த்து. மூன்றாம் நாள் என் கணவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு "நான் வாடகைக் கார் டிரைவரா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஏழு முறை போயிருக்கிறோம். இரண்டு முறை தவிர எல்லாமே என் மாமியாரோடு.

மேப்பில் பார்த்தால் மல் சின்னதாகத்தான் தெரியும். ஓட்டினால்தான் விஷயம் புரியும். கப்பல் இறங்கும் கிரெய்க்னூரிலிருந்து வடக்கே டோபர்மோரி 21 மைல், அது பரவாயில்லை. கிரெய்க்னூரிலிருந்தே மேற்கே ஃபியன்ஃபோர்ட் 37 மைல், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அயோனா படகு ஃபியன்ஃபோர்ட்டில்தான். ஆக டோபர்மோரியில் தங்கி அயோனா போவதென்றால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அதில் பெரும்பகுதி ஒரே ஒரு வண்டி போகும் அகலமுள்ள பாதை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே சின்னத் திட்டு வெட்டியிருப்பார்கள். திட்டு உங்கள் இடது பக்கம் இருந்தால் அதில் ஏறி நில்லுங்கள். வலது பக்கம் இருந்தால் குறுக்கே போகாமல் அதற்கு நேரே இந்தப் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள், எதிரே வருபவர் அதில் வளைந்து போவார். பின்னால் உள்ளூர் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அவருக்கு வேலைக்கு நேரமாகியிருக்கும். போட்டோ எடுக்க அந்தத் திட்டில் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்க வேண்டும். இரண்டாம் நாளே என் மகள் பின் சீட்டிலிருந்து ஆட்டுக்கும் விரல் தூக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் தீவில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு அங்கேயே கிடங்கள். வடக்கு மூலை என்றால் டோபர்மோரி, டெர்வெய்க், கால்கரி. தென்மேற்கு என்றால் பனெஸன், ஃபியன்ஃபோர்ட், அயோனா. அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்பதால் நான் தென்மேற்கைத்தான் சொல்வேன். மனைவிக்காக டோபர்மோரிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கலர் வீடுகளை ஒரு நடையில் பார்த்து முடித்துவிடலாம். நல்ல ஊர்தான், குறை சொல்லவில்லை. 1588இல் ஸ்பெயின் கப்பற்படைக் கப்பல் ஒன்று அந்த விரிகுடாவில்தான் மூழ்கியது, அதில் தங்கம் இருந்ததாக ஒரு பேச்சு உண்டு. என் மகன் இன்னும் கரையோரம் குனிந்தபடியேதான் நடப்பான்.

வீடு எடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கார் எடுக்காமல் நடந்து போகிற தூரத்தில் மணல் இருக்கிறதா? அறை எத்தனை, டிவி எவ்வளவு பெரிது, இதெல்லாம் அப்புறம். ஃபியன்ஃபோர்ட்டுக்குத் தெற்கே ஃபிடென் என்று ஓர் இடம். வெள்ளை மணல், இளஞ்சிவப்புக் கருங்கல் பாறை, ஆழமில்லாத தண்ணீர். முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே நண்டு, நத்தை என்று ஒரு நாள் ஓடிவிடும். தண்ணீர் என்னவோ ஐஸ்தான். கோடையிலும் 13, 14 டிகிரிக்கு மேல் போகாது. பிள்ளைகளுக்கு நீச்சல் ரப்பர் சட்டை அவசியம், செகண்ட்ஹாண்டாக வாங்கினால் போதும். வாடகை வீடுகளுக்கு ஸ்காட்லாந்தில் இப்போது உரிமம் வேண்டும், விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

கப்பல் பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். கப்பல் கிளம்பும் ஓபன் துறைமுகத்திலிருந்து கிரெய்க்னூர் சுமார் 50 நிமிடம். நடுக்கடல் கிடையாது, இரண்டு பக்கமும் நிலம் தெரிந்துகொண்டே வரும். சாதாரண நாளில் நம்மூர் டவுன் பஸ்ஸை விட ஆட்டம் குறைவு. கப்பல் ஓடும்போது கார் தளத்தில் இருக்க விடமாட்டார்கள், மேலே ஏற வேண்டும். முட்டி வலி என்று ஏறுவதற்கு முன்பே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில் வண்டியை விட ஏற்பாடு செய்வார்கள். காருக்கான இடத்தை இன்றைக்கே பதிவு செய்யுங்கள். ஆட்களுக்கு இடம் கிடைத்துவிடும், கார் இடம்தான் கோடையில் முதலில் தீரும். வீடு பிடித்துவிட்டு அப்புறம் கப்பலைப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் என்ன செலவோ அதை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், மல்லுக்கு அது 2015இல் வந்தது.

இன்னொன்று. மான்செஸ்டரிலிருந்து ஓபனுக்கு 300 மைலுக்கு மேல். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியக் கப்பல் என்பது தாளில் சரியாக வரும். லோமண்ட் ஏரிக்கரைச் சாலையில் ஒரு கேரவன் முன்னால் போனால் தீர்ந்தது. முந்தின இரவு கிளாஸ்கோவிலோ ஓபனிலோ தங்கிவிடுங்கள்.

காற்று பலமாக இருந்தால் கப்பல் நிற்கும். எங்களுக்கு ஒரு முறை அப்படி ஆயிற்று. ஓபன் துறைமுகத்தில் பிள்ளைகள் இருவரும் அழ, அத்தை மட்டும் "நல்லதாப் போச்சு, வீட்டுக்குத் திரும்பிடலாம்" என்று சந்தோஷமாக இருந்தார். வரிசையில் பக்கத்து வண்டிக்காரர் வேறு வழி சொல்லிக்கொடுத்தார். வடக்கே காரன் என்ற இடத்தில் ஐந்து நிமிடப் படகு. அதைத் தாண்டி மலைப்பாதையில் லாக்கலைன். அங்கிருந்து மல்லின் ஃபிஷ்னிஷுக்கு 18 நிமிடம். அந்த வழியில் முன்பதிவு வேண்டாம், வந்த வரிசையில் ஏற்றுவார்கள். மூன்று மணி நேரச் சுற்று, ஆனால் இரவுக்குள் தீவில் இருந்தோம். கிளம்பும் முன் இரண்டு படகும் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தாளில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள், பாதி வழியில் போனில் சிக்னல் இருக்காது.

கிரெய்க்னூரை நெருங்கும்போது டுவார்ட் கோட்டை தெரியும். அதற்கு முன்பு கடல் நடுவில் தாழ்வாக ஒரு பாறை வரும், லேடிஸ் ராக் என்பார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் டுவார்ட் கோட்டையின் மக்லீன் தலைவன், பிள்ளை இல்லை என்று மனைவியைக் கடல் வற்றியிருந்தபோது அந்தப் பாறையில் விட்டுவிட்டு வந்தானாம், ஏறுகிற தண்ணீர் கொண்டுபோகட்டும் என்று. மீனவர்கள் பார்த்துக் காப்பாற்றி அவளை அண்ணன் வீட்டில் சேர்த்தார்கள். இவன் துக்க முகத்தோடு சாவுச் செய்தி சொல்ல மைத்துனன் வீட்டுக்குப் போனால், அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு 1523இல் எடின்பரோவில் அவனைப் பெண் வீட்டார் கொன்றார்கள். அத்தைக்குக் கப்பல் பயம் போனதே இந்தக் கதையில்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பொறந்த வீடு பலமா இருந்துது, பொழச்சா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு மாதிரி சிரித்தார். என் அண்ணன் பர்மிங்ஹாமில் இருக்கிறான், அவருக்குத் தெரியும்.

அயோனாவுக்குக் கண்டிப்பாக அழைத்துப் போங்கள். படகில் பத்து நிமிடம்தான். வெளியார் காரை அங்கே விடமாட்டார்கள், அதனால் எல்லோரும் நடைதான். படகுத்துறையிலிருந்து மடாலயம் பொடி நடை, நடுவில் கன்னிமாடத்தின் இளஞ்சிவப்புக் கல் இடிபாட்டில் உட்கார்ந்து இளைப்பாறலாம். படகிலிருந்து இறங்கும் கான்கிரீட் சரிவு ஈரமாக வழுக்கும். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். கொலம்பா என்ற துறவி அயர்லாந்திலிருந்து 563இல் வந்து இறங்கிய இடம் அது. நான் பெரிய பக்தி உள்ளவள் இல்லை. ஆனால் அத்தை மடாலயத்துக்குள் தூணோரம் உட்கார்ந்து மெல்லிய குரலில் அபிராமி அந்தாதி சொல்ல ஆரம்பித்தார். முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்த்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு வரிசை பின்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டார்.

பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: ஆகஸ்டில் பஃபின் இருக்காது. ஏப்ரலில் வரும், ஜூலை கடைசி வாக்கில் கடலுக்குக் கிளம்பிவிடும். ஸ்டாஃபாவில் ஃபிங்கல் குகையும் அறுகோணத் தூண்களும் எப்போதும் இருக்கும்தான். 1829இல் மெண்டல்சோன் என்ற இசையமைப்பாளர் கடல் குமட்டலோடு வந்து பார்த்தது அந்தக் குகையைத்தான். ஆனால் அலை இருந்தால் இறக்கமாட்டார்கள். இறக்கினாலும் செங்குத்துப் படி, அப்புறம் பாறை மேல் கம்பியைப் பிடித்து நடை. அம்மாவால் முடியாது, 5 வயதுப் பையனைப் பிடிக்க உங்களுக்கு இன்னொரு கை வேண்டும். விட்டுவிடுங்கள்.

கழுகுக்கு என்று தனியாக ஒரு நாள் வேண்டாம். வெள்ளைவால் கடல்கழுகு. பிரிட்டனில் கடைசியாக இருந்ததை 1918இல் சுட்டுவிட்டார்கள். 1975லிருந்து நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். 1985இல் மல்லில்தான் அவற்றின் முதல் குஞ்சு பறந்தது. இறக்கை விரித்தால் எட்டடி. உள்கடல் ஓரமாக ஓட்டும்போது நாலைந்து கார் நின்று எல்லோரும் மேலே பார்த்தால், நீங்களும் நிற்க இடம் பார்த்து நில்லுங்கள். அத்தை அதைப் பார்த்ததும் "கருடன், கருடன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை, இது நார்வேக் கழுகு என்றேன். "எந்த ஊரா இருந்தா என்ன, அவர் வாகனம்" என்றார். பைனாகுலர் வைத்திருந்த ஒரு பெரியவர் இது ஸ்காட்லாந்து வழக்கமா என்று என் கணவரிடம் கேட்டார்.

பிள்ளைகள் மறக்காதது எராய்டு. ஃபிடெனுக்குப் பக்கத்தில் குட்டித் தீவு. கடல் வற்றியிருக்கும்போது மணலிலேயே நடந்து போகலாம், கடல் ஏறினால் சுற்றிலும் தண்ணீர். போவதென்றால் கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள். சில பட்டியல்கள் கிரீனிச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். எங்கள் கையில் இருந்ததில் ஏற்கெனவே கூட்டியிருந்தது. என் கணவர் புத்திசாலித்தனமாக இன்னொரு மணி நேரம் கூட்டினார். திரும்பும்போது போன வழியில் மணலைக் காணோம், ஓடைதான் இருந்தது. மகனைத் தோளில் வைத்து, மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தொடை வரைக்கும் தண்ணீரில் வந்தோம். இன்னும் இருபது நிமிடம் போயிருந்தால் அந்தப் பக்கமே உட்கார்ந்து அடுத்த வற்றலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான், அதுதான் சரியும் கூட. நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள். கரையில் நின்ற அத்தை தன் மகனைத் திட்டிய திட்டு அயோனா வரை கேட்டிருக்கும்.

மிட்ஜ் பற்றிச் சொல்லவேண்டும். கொசுவைப் போல சத்தம் கிடையாது. மிளகுத்தூள் மாதிரி இருக்கும், கூட்டமாக வரும், தலைமுடிக்குள் போய்க் கடிக்கும். காற்றில் அதனால் பறக்க முடியாது, மணிக்கு ஏழு மைல் வீசினாலே அடங்கிவிடும். அதனால் கடற்கரையில் தொல்லை குறைவு. மழை விட்ட, காற்றில்லாத சாயங்காலம்தான் ஆபத்து. மருந்து தடவி, தலைக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள். தலைவலை பார்க்க அசிங்கம், போடாதவர்கள் அதைவிட அசிங்கமாக ஆவார்கள். நான் அதிகம் பயப்படுவது உண்ணிக்குத்தான். மாட்டு உண்ணி அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அதே வகைதான். புல்லிலும் பெரணியிலும் ஏறிக்கொள்ளும். தினமும் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். பிடுங்கும் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், நசுக்காமல் எடுக்க வேண்டும். பிறகு கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போய் உண்ணி கடித்தது என்று சொல்லுங்கள்.

சாப்பாடு எங்கள் வீட்டுத் துறை. டோபர்மோரியில் நல்ல சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, தென்மேற்கில் சின்னக் கடைதான். அரிசி, பருப்பு, புளி, பொடி எல்லாம் காரில் ஏற்றுங்கள். குக்கரை மறக்காதீர்கள். இட்லி மாவு கொண்டுபோனால் பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். எங்கள் மாவு லோமண்ட் ஏரிப் பக்கம் பொங்கி, பிள்ளைகளின் மழைக்கோட்டில் இறங்கிவிட்டது. ஒரு வாரம் புளித்த வாசனையோடு சுற்றினார்கள். அப்புறம் தாளிப்பு. 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்து வீடுகளில் புகை அலாரம் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்று சட்டம். வரமிளகாய் ஒன்று கருகியதும் கூடம், மாடி, நடை எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு, பிறகு கடுகைப் போடுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒன்று. நாங்கள் முதலில் போனது ஜூலை ஆரம்பம், சூரியன் மறைய இரவு பத்தேகால். அத்தை விளக்கேற்ற இருட்டுக்காகக் காத்திருந்தார். ஏழு, எட்டு, ஒன்பதரை. "இது எப்ப அணையும்?" என்று கேட்டார். அப்புறம் கடிகாரத்தில் ஆறரை என்றால் விளக்கு, சூரியன் இருந்தால் இருக்கட்டும் என்று தானே முடிவு செய்துகொண்டார். ஆகஸ்ட் நடுவில் ஒன்பதரைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பிள்ளைகள் தூங்கும் அறைக்குக் கறுப்புத் துணி எடுத்துப் போங்கள்.

நீங்கள் இங்கிலாந்துப் பள்ளி விடுமுறை. எங்கள் ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். கடைசி இரண்டு வாரத்தில் போனால் வீடும் கப்பலும் சுலபமாகக் கிடைக்கும்.

கில்மார்னக் அண்ணாச்சி:

அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் இவ்வளவு தயாரிப்போடு ஒரு லீவா? ஆரன் என்று ஒரு தீவு இருக்கிறதே. ஆர்ட்ரோசனிலிருந்து பிராடிக் 55 நிமிடம். கிளாஸ்கோவைத் தாண்டி வடக்கே மலைப்பாதையில் ஏற வேண்டிய வேலையும் இல்லை. இப்போது ட்ரூனிலிருந்தும் கப்பல் போகிறது, டிக்கெட்டில் எந்தத் துறை என்று இரண்டு தடவை பாருங்கள். தப்பான ஊரில் போய் நின்ற அனுபவம் இருக்கிறது.

தீவைச் சுற்றிச் சாலை ஏறத்தாழ 55 மைல், பஸ்ஸும் ஓடுகிறது. பிராடிக் கோட்டைத் தோட்டத்தில் சிவப்பு அணில் பார்க்கலாம். லாக்ரான்சாவில் மான் வீட்டு வாசலில் புல் மேயும். மாக்ரி மூரில் நட்டு வைத்த பழங்காலக் கற்கள், அதற்கு மட்டும் கொஞ்சம் நடக்க வேண்டும். கடற்கரை மல் அளவுக்கு வெள்ளையாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் என் ஓட்டு ஆரன்.

மான்செஸ்டர்காரன்:

அக்கா, உங்கள் பதிலை மனைவிக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பாறைக் கதையை அம்மா இரண்டாவது முறை சொல்லச் சொன்னார். கப்பலுக்குச் சரி சொல்லிவிட்டார். பையன்தான் பஃபின் இல்லை என்றதும் ஒரு மணி நேரம் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு இரண்டு வீடு இருக்கிறது. ஒன்று பனெஸன் அருகில், மணலுக்கு ஐந்து நிமிட நடை, பழைய வீடு, குளியலறை மாடியில். இன்னொன்று டெர்வெய்க்கில், புதுசு, எல்லாம் கீழ்த்தளத்தில், ஆனால் கால்கரிக்குக் காரில்தான் போக வேண்டும். எதை எடுக்க?

பெய்ஸ்லி அக்கா:

இதில் என் பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. குளியலறை மாடியில் என்றால் டெர்வெய்க்தான். ராத்திரி இரண்டு தடவை அம்மா படி ஏறி இறங்கினால் மறுநாள் எந்த மணலும் பயன்படாது. டெர்வெய்க்கிலிருந்து கால்கரி ஐந்தாறு மைல்தான். நீளமான வெள்ளை மணல், பின்னால் பூப் புல்வெளி, கழிப்பறை பக்கத்திலேயே. கனடாவின் கால்கரி நகரத்துக்கே இங்கிருந்துதான் பெயர் போனது, பெண்ணிடம் சொல்லுங்கள். அயோனாவுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். காலை ஏழுக்குக் கிளம்புங்கள், அன்று வேறு எதுவும் வேண்டாம். எராய்டு இந்தத் தடவை கிடையாது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

அண்ணாச்சி, ஆரன் நல்ல தீவு. ஆனால் நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே நாளில் திரும்பி வந்துவிடுகிறீர்களே!

மான்செஸ்டர்காரன்:

போய் வந்துவிட்டோம். ஏழு நாளில் இரண்டரை நாள் விடாத மழை. ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே பரமபதம் ஆடினோம், அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது. அயோனா நாளில் வெயில். ஓபன் கப்பலில் அம்மா மேல்தளத்திலிருந்து உள்ளே வரமாட்டேன் என்றார், போகும்போதும் வரும்போதும். லேடிஸ் ராக்கைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குக் கையைக் காட்டித் தமிழிலேயே விளக்கினார். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அலாரம் முதல் நாளே அலறியது. கதவைச் சாத்தியிருந்தேன், ஜன்னலைத்தான் மறந்துவிட்டேன்.

பையனுக்கு உண்ணி ஒன்று, காதுக்குப் பின்னால். கொக்கி கையில் இருந்ததால் இரண்டே நிமிடத்தில் எடுத்தோம், வட்டம் எதுவும் வரவில்லை. கழுகைத் தேடி ஒரு மணி நேரம் உள்கடல் ஓரமாக ஓட்டியும் பார்க்கவில்லை. கடைசி நாள் கப்பலுக்கு வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலேயே போனது. மற்ற எல்லோரும் காருக்குள் இருந்ததால் அம்மா மட்டும்தான் பார்த்தார், நாங்கள் நம்பவில்லை என்று இன்னும் கோபம்.

அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. அடுத்த மே மாதம் அம்மா ஊருக்குப் போயிருப்பார், நாங்கள் நால்வர் மட்டும். ஆரனில் கோட் ஃபெல் மலை 874 மீட்டர் என்கிறார்கள். பத்து வயதுப் பெண் ஏறுவாளா? பையனை யார் கீழே வைத்துக்கொண்டு இருப்பது என்று இப்போதே வீட்டில் பேச்சு நடக்கிறது.